கான்டெஸாவில் உட்கார்ந்திருந்த சாக்கு

வேலந்தாவளம் சந்தையில் மாட்டை வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள். வதந்திக்குப் பல் பார்க்கும் வழக்கம் அங்கே கிடையாது. வந்த விலைக்கு வாங்கி, கொஞ்சம் ஏற்றி, அடுத்தவன் தலையில் கட்டிவிடுவார்கள். போன கார்த்திகையில் அப்படிக் கைமாறிக்கொண்டிருந்த சரக்கு இது: நல்லேப்பிள்ளி ரோட்டில் பட்டறை வைத்திருக்கிற காளிச்சாமி, சிவப்பிரகாஷுக்குச் செய்வினை வைத்துவிட்டான்.

ஆதாரம் இல்லாமல் யாரும் பேசவில்லை. பட்டறைக்குள் நிற்கிற சிவப்பிரகாஷின் கறுப்புக் கான்டெஸா காரில், ஓட்டுகிறவர் சீட்டில், ஒரு மண்சாக்கு உட்கார்ந்திருக்கிறது. சாக்குக்குச் சிவப்பிரகாஷின் கட்டம் போட்ட சட்டை மாட்டியிருக்கிறது. சீட் பெல்ட்டும் உண்டு. பத்து நாளைக்கு ஒருதரம் காளிச்சாமி சட்டைப் பொத்தானைக் கழற்றி, சாக்கின் வாயைத் திறந்து, மண்ணை அள்ளி வெளியே எடுக்கிறான். இங்கே மண் குறையக் குறைய அங்கே சிவப்பிரகாஷ் இளைக்கிறான். ஒரு தட்டு மண்ணுக்கு ஒரு கிலோ சதை என்று விகிதமே சொன்னார் ஒரு தரகர். மாட்டு வயதைத் தவிர வேறு எதிலும் பொய் சொல்லாத மனிதர்.

சரி, பொய்யை உடைத்துவிடலாம் என்று விசாரிக்கக் கிளம்பினால் ஏமாற்றம்தான். சாக்கு இருக்கிறதா? இருக்கிறது. சட்டை? சிவப்பிரகாஷுடையதேதான். மண் அள்ளியது? நிஜம். ஆள் இளைத்தது? அது எல்லாவற்றையும்விட நிஜம். வதந்திக்கு நாலு காலும் ஒழுங்காகத்தான் இருந்தன. தலையை மட்டும் வாலிருக்கிற பக்கம் ஒட்டிவிட்டிருந்தார்கள்.

காளிச்சாமிக்கு நாற்பத்தெட்டு வயது. கோவிந்தாபுரத்தில், எல்லையோரத்து லாரிப் பட்டறை ஒன்றில் தொழில் பழகியவர். லாரிக்கு எஞ்சின் முன்னால், வண்டியைத் தள்ளுகிற சக்கரம் பின்னால். நடுவில் சுழன்றுகொண்டே சக்தியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது புரொப்பல்லர் சாஃப்ட் என்கிற நீளக் குழாய். அதன் இரண்டு முனையிலும் ஒவ்வொரு ஜாயிண்ட். பின் ஜாயிண்ட் பினியன் என்கிற பல்லுத்தண்டைப் பிடித்துத் திருப்ப, பினியன் அச்சைத் திருப்ப, அச்சு சக்கரத்தைத் திருப்புகிறது. பத்து வருஷம் லாரிக்கு அடியில் படுத்துக்கிடந்ததில், வண்டியில் ஏறி உட்கார்ந்து நூறு அடி போனாலே எந்த ஜாயிண்ட் அழுகிறது என்று காளிச்சாமியின் இடுப்பெலும்பு சொல்லிவிடும்.

பிறகு சொந்தப் பட்டறை போட்டபோது அவரைத் தேடி வந்தவை லாரிகள் அல்ல, ஓட்டப் பைத்தியங்களின் கார்கள். பழைய பின்சக்கர வண்டியை வாங்கி, அதற்குப் பெரிய எஞ்சினைத் திணித்து, கால் மைலை எத்தனை விநாடியில் கடக்கலாம் என்று அலைகிற கூட்டம் ஒன்று கோயமுத்தூருக்கும் பாலக்காட்டுக்கும் நடுவில் உண்டு. எஞ்சினை யார் வேண்டுமானாலும் திணிக்கலாம். அதன் பலம் பின்னால் போய்ச் சேரும்போது வண்டி நடுங்காமல் இருக்க, காளிச்சாமியிடம்தான் வரவேண்டும்.

"நம்ம சித்தூர்க் கள்ளுக்கடையில இருந்து ரெண்டு பேரு தோள்மேல கை போட்டுட்டு வர்றாங்கன்னு வெச்சுக்கோங்க" என்று ஆரம்பிப்பார். "ஒருத்தன் இக்கட்ட சாஞ்சா, இன்னொருத்தன் அக்கட்ட அதே அளவுக்குச் சாயோணும். அப்பத்தான் ரெண்டு பேரும் ஊடு போய்ச் சேருவாங்க. ரெண்டும் ஒரே பக்கமாச் சாஞ்சுதுன்னா சாக்கடைதான். ஜாயிண்ட்டும் அதேதானுங்க."

வேகக் காருக்கு இன்னொரு வில்லங்கம் உண்டு. ஆக்சிலரேட்டரை முழுசாக மிதித்தால், தார்க்கோல் பட்ட காளை தலையைத் தூக்குகிற மாதிரி பினியன் மூக்கைத் தூக்கும். எனவே நிற்கும்போதே அதன் மூக்கை நாலு டிகிரி கீழே அமுக்கி வைத்துவிட வேண்டும். அச்சுக்கும் பட்டை ஸ்பிரிங்குக்கும் நடுவில் மெல்லிய இரும்பு ஆப்பைச் சொருகி அந்தச் சாய்வைக் கொண்டுவருவார். அப்படி வைத்த கார் மெதுவாக உருண்டால் நடுங்கும். முக்கால் மிதியிலும் நடுங்கும். பயப்படாமல் முழுசாக மிதித்தால்தான் மூக்கு நிமிர்ந்து, இரண்டு ஜாயிண்ட்டின் கோணமும் ஒன்றையொன்று கழித்து, நடுக்கம் சட்டென்று நின்று, வண்டி பட்டுத்துணி உருவின மாதிரி போகும்.

"நிக்கறப்ப கோணலா இருந்தாத்தான் ஓடறப்ப நேரா இருக்கும். மனுசருல முக்காவாசி இதுக்கு நேரெதிருங்க" என்பார்.

மற்ற பட்டறைகளில் காரை ஜாக்கியில் தூக்கி, அச்சு அந்தரத்தில் தொங்க, கோணம் பார்ப்பார்கள். காளிச்சாமிக்கு அது பாவம். நாலு டயரும் தரையில் நிற்க வேண்டும். டேங்கில் பாதி பெட்ரோல் இருக்க வேண்டும். ஓட்டப்போகிற ஆள் சீட்டில் இருக்க வேண்டும். வண்டி எதைச் சுமக்கப்போகிறதோ அதைச் சுமக்கும்போதுதான் அதன் மனசு தெரியும் என்பது அவர் கட்சி. கருவி என்று பார்த்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கோணமானி ஒன்று, அதில் கட்டித் தொங்கவிட்ட கயிற்றில் ஒரு நட்டு.

சிவப்பிரகாஷ் அந்தப் பைத்தியக்காரக் கூட்டத்தில் கொஞ்சம் வசதியான பைத்தியம். நல்லேப்பிள்ளியில் நெல்வயலும் தென்னந்தோப்பும் உள்ள குடும்பம். முப்பத்தொன்பது வயது, எண்பத்துநாலு கிலோ. மனைவி யோகப்பிரியா கணக்கு டீச்சர். அம்மா கருப்பாத்தாள் வயலையும் மகனையும் ஒரே அதட்டலில் மேய்க்கிறவர். மகன் கான்டெஸாவுக்கு ஜப்பான் எஞ்சின் வாங்கி மாட்டியபோது, "நெல்லு வித்த காசையெல்லாம் பொகையா உடறான்" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டார்.

முதன்முதலில் கோணம் பார்த்த நாளில் அவன் இரண்டு மணி நேரம் சீட்டில் அசையாமல் உட்கார வேண்டியிருந்தது.

"ஏனுங்ணா, நானென்ன கொலு பொம்மையா? காலு மரத்துப்போச்சு."

"இன்னும் சித்த நேரந்தானுங்க தம்பி. அசைஞ்சா அளவு மாறுது" என்றது காருக்கு அடியிலிருந்து காளிச்சாமியின் குரல்.

"மூச்சாவது உடலாமுங்களா?"

"பாதி உடுங்க."

அதற்குமேல் அவனால் முடியவில்லை. இறங்கிப் போய், பக்கத்தில் மாட்டுத்தீவனக் கடை வைத்திருக்கிற ஜின்சனிடம் ஒரு பெரிய நெல்லுச்சாக்கு வாங்கினான். தீவனத் தராசில் ஏறி நின்று தன் எடையைப் பார்த்தான். அதே எடைக்குச் சாக்கில் மண்ணை நிரப்பி, நாலு பேரைப் பிடித்து சீட்டில் ஏற்றி, பெல்ட் போட்டான். அப்படியும் ஏதோ குறைகிற மாதிரி இருக்கவே, போட்டிருந்த கட்டம் போட்ட சட்டையைக் கழற்றிச் சாக்குக்கு மாட்டிவிட்டான்.

"இவன் என்ற பங்காளிங்ணா. பேச மாட்டான், அசைய மாட்டான், முக்கியமா பங்கு கேக்க மாட்டான். இனிமே உங்க கோணத்தையெல்லாம் இவங்கிட்ட வெச்சுக்கோங்க."

சொல்லிவிட்டு பனியனோடு வீட்டுக்குப் போனான். செய்வினைச் சட்டையின் பூர்வீகம் இவ்வளவுதான்.

போன ஆடியில் ஒருநாள் வந்து, "பங்காளிக்கு எட்டுக் கிலோ கொறைங்ணா. நான் எழுபத்தாறுக்கு வந்துட்டேன்" என்றான்.

"என்னுங்க தம்பி, சோத்தை நிறுத்திப்போட்டீங்களா?"

"வண்டிக்கு எடை கொறைக்கறமில்ல? ஓட்டறவனுக்குக் கொறைக்க வேண்டாமா?"

நியாயமாகப் பட்டது. காளிச்சாமி சந்தோஷமாகவே மண்ணை அள்ளினார். ஆவணியில் எழுபத்தொன்று. தராசில் நிற்கும்போது ஜின்சன்கூட, "எந்தா சிவேட்டா, மெலிஞ்ஞு போயல்லோ! கொறச்சு பருத்திக்கொட்டை எடுக்கட்டே?" என்று, இளைத்த மாட்டுக்குத் தீவனம் எடுத்துக்கொடுக்கிற மாதிரி மலையாளத்தில் கிண்டல் செய்தான். அதற்கப்புறம் சிவப்பிரகாஷ் தராசில் ஏறவில்லை. அறுபத்தெட்டு என்று வாயால் சொன்னதோடு சரி.

ஐப்பசியில் ஒரு காலை நேரம், சும்மா சரிபார்க்கலாம் என்று சாக்கை இறக்கிவிட்டு அவனையே சீட்டில் உட்காரச் சொன்னார். பின்சக்கரத்துக்கு மேலே பாடி வளைவு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று டேப் பிடித்தார். சாக்கு இருந்தபோது குறித்த அளவைவிட அரை நூல் உயர்ந்து நின்றது வண்டி. நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. அதில் பாதி. வேறு யாராக இருந்தாலும் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டிருப்பார்கள்.

காளிச்சாமி டயர் காற்றைப் பார்த்தார். டேங்கில் குச்சி விட்டுப் பார்த்தார். பட்டை ஸ்பிரிங்கின் புஷ்ஷைத் தட்டிப் பார்த்தார். மறுபடி டேப். அதே அரை நூல். மூன்றாம் தடவை குனிந்தபோது அவருக்குப் புரிந்துவிட்டது. தலையைத் தூக்காமல், இல்லாத ஒரு போல்ட்டைக் கொஞ்ச நேரம் இறுக்கிக்கொண்டிருந்தார். மேலே சீட்டில் சிவப்பிரகாஷ் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தான். இந்தமுறை கால் மரத்துப்போனதாக அவன் சொல்லவில்லை. இரண்டு மணி நேரம் உட்காரச் சொன்னாலும் உட்கார்ந்திருப்பான் போலிருந்தது.

அவன் போனபிறகு சாக்கை மறுபடி ஏற்றினார். வண்டி அந்த அரை நூல் உயரும்வரை கொஞ்சம் கொஞ்சமாக மண்ணை எடுத்தார். எடுத்த மண்ணை ஜின்சனின் தராசில் கொட்டிப் பார்த்தார். ஒன்பது கிலோ. அப்படியானால் ஆள் அறுபத்தெட்டு இல்லை, ஐம்பத்தொன்பது. மனுசன் மறைத்ததைப் பட்டை காட்டிக்கொடுத்துவிட்டது.

அடுத்த வாரம் வந்த சிவப்பிரகாஷ் காருக்குள் எட்டிப் பார்த்தான். சட்டை தொளதொளவென்று தொங்கியது.

"பங்காளி எளைச்சுட்டான் போலிருக்குதுங்ணா."

"சாக்கு ஓட்டைங்க தம்பி. மண்ணு ஒழுகுது."

சிவப்பிரகாஷ் சீட்டுக்குக் கீழே பார்த்தான். ஒரு மணல்துளி இல்லை, அத்தனை சுத்தம்.

"ஒழுகுனா தைக்க முடியாதுங்களா?"

"தெச்சுப் பாக்கலாமுங்க."

"கோயமுத்தூர்ல தெச்சுப் பாத்துட்டாங்ணா. நிக்கலையாம்."

பிறகுதான் சொன்னான். வயிற்றில் கட்டி. யோகப்பிரியாவுக்குத் தெரியும். அம்மாவிடம் அல்சர் என்று சொல்லியிருக்கிறது. தை மாதத்தில் போட்டி இருக்கிறது, அதுவரை காத்திருக்க வேண்டாம் என்றான். பட்டறைக்குப் பின்னால் மூடிக்கிடக்கிற நூற்பாலைக்குள், கேட்டிலிருந்து குடோன் வரைக்கும் ஒரு நேர்ரோடு உண்டு. அதில் ஒரே ஒரு கால் மைல், தன் காலால் மிதித்து ஓட்டிவிட வேண்டும்.

"எப்ப தெம்பு வருதோ அப்ப வருவேன். ஏறி உக்காந்ததும் மிதிக்கற மாதிரி, என்ற எடைக்கே செட் பண்ணி வெச்சிருங்ணா."

உண்மையைச் சொல்லிவிட வேண்டும். ஒரு கிலோ குறைந்தால் பினியன் கோணம் மயிரிழை அளவுகூட மாறாது. காளிச்சாமிக்கும் அது தெரியும், சிவப்பிரகாஷுக்கும் தெரியும். ஆனால் மருந்து கொடுக்கவோ, ஊசி போடவோ, பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடிக்கவோ காளிச்சாமியால் முடியாது. அவன் வந்தால் ஏறி உட்கார ஒரு சீட்டைத் தயாராக வைத்திருக்க முடியும். பத்து நாளைக்கு ஒருதரம் யோகப்பிரியா போனில் ஓர் எண்ணை மட்டும் அனுப்புவாள். 57. கணக்கு டீச்சர், விளக்கம் எழுதமாட்டாள். அவர் போய்ச் சட்டைப் பொத்தானைக் கழற்றுவார். 55. மறுபடி கழற்றுவார்.

ஜின்சன் கெட்டவன் இல்லை. தன் கடை வாசலிலிருந்து பார்த்ததைத்தான் சொன்னான்: இங்கே இவர் மண் எடுக்கிறார், அங்கே அவர் மெலிகிறார். ஆனால் சொன்னது தீவனம் வாங்க வந்த மாட்டுக்காரனிடம். மாட்டுக்காரன் எங்கே போவான்? சந்தைக்குத்தான்.

வீட்டில் மனைவி வேலுத்தாய் காத்திருந்தாள். இடுக்கித் தேயிலை எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகி இருபது வருஷமாகியும் பேச்சு மட்டும் மலையிறங்கவில்லை.

"பைப்படியில எல்லாவளும் என்னையக் கண்டா ஒதுங்கிப் போறாளுவ. நீங்க மந்திரவாதியாம்லா?"

"மந்திரவாதியா இருந்தா மொதல்ல உன்ற வாயத்தான கட்டியிருப்பேன்."

"கட்டித்தான் பாருங்களேன்." சோற்றை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். "அந்த மண்ண எடுக்காம விட்டாத்தான் என்னங்கேன்?"

காளிச்சாமி சோற்றைப் பிசைந்தார். சாப்பிட்டுக் கை கழுவினார்.

மூன்றாம் நாள் கருப்பாத்தாள் ஆட்டோவில் வந்து இறங்கினார். பின்னாலேயே யோகப்பிரியா. சத்தம் போடுவார் என்று ஜின்சன் கடைக்கு நாலு பேர் முன்கூட்டியே வந்து, வாங்கத் தேவையில்லாத தவிட்டுக்கு விலை கேட்டுக்கொண்டு நின்றார்கள். அந்த அம்மா சத்தமே போடவில்லை. கார்க் கதவைத் திறந்து, மகனுடைய சட்டையைத் தொட்டார். சட்டைக்குள் கை விட்டு, சாக்கில் எவ்வளவு மிச்சம் என்று, காய்ச்சல்காரப் பிள்ளையின் வயிற்றைத் தடவுகிற மாதிரி தடவிப் பார்த்தார்.

"ஏப்பா காளிச்சாமி, உனக்கு நாங்க என்ன கெடுதல் பண்ணுனோம்?"

காளிச்சாமி வாயைத் திறந்தார். கோணமானியைக் காட்டலாம், தராசைக் காட்டலாம், அரை நூலைக் காட்டலாம். ஆனால் அரை நூலைச் சொன்னால் ஐம்பத்தொன்பதைச் சொல்ல வேண்டும். ஐம்பத்தொன்பதைச் சொன்னால் கட்டியைச் சொல்ல வேண்டும். மாமியாரின் முதுகுக்குப் பின்னால் நின்ற யோகப்பிரியா மெல்லத் தலையை ஆட்டினாள். வேண்டாம்.

"தெரியாமப் பண்ணிப்போட்டனுங்க ஆத்தா" என்றார் காளிச்சாமி.

தவிட்டுக்கு விலை கேட்டவர்கள் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். ஒப்புதல் வாக்குமூலமே கிடைத்துவிட்டது.

"மொதல்ல எத்தனை இருந்துச்சு?"

"எம்பத்திநாலுங்க."

"நெரப்பு."

"ஆத்தா..."

"எடுத்ததையெல்லாம் திருப்பிப் போடு சாமி. எம்புள்ளை தேறிக்குவான்."

போட்டார். ஒவ்வொரு தட்டு மண்ணையும் தராசில் வைத்துக் காட்டிவிட்டு, அந்த அம்மா பார்த்துக்கொண்டிருக்க, சாக்கில் கொட்டினார். இருபத்தொன்பது கிலோ. சட்டை விறைத்து, பொத்தான்கள் இழுத்துப் பிடித்தன. கருப்பாத்தாள் முந்தானையிலிருந்து மஞ்சள் கயிறு எடுத்துச் சாக்கின் கழுத்தில் கட்டினார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வந்து சாக்கை அமுக்கிப் பார்த்துவிட்டுப் போனார். குறையவில்லை என்பதில் அவருக்கு ஒரு திருப்தி இருந்தது.

ஊருக்கும் திருப்திதான். பினியன் வேலைக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். ஆனால் கொல்லங்கோடு பக்கத்திலிருந்து ஒருவர் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, தன் தம்பிக்கு ஒரு சாக்கு வைக்க முடியுமா, ரொம்ப வேண்டாம், பத்துக் கிலோ இறங்கினால் போதும், பாகப்பிரிவினைக்குக் கையெழுத்துப் போட்டுவிடுவான் என்றார். காளிச்சாமி அவரை ஸ்பானரோடு வாசல்வரை வழியனுப்பினார்.

மார்கழியில் ஒரு நாள் போனில் எண் வந்தது: 51. அதன் கீழே முதல்முறையாக இரண்டு சொற்கள்: இன்னைக்கு வர்றோம்.

பத்து மணி வெயிலில் வந்தார்கள். யோகப்பிரியாதான் வீட்டுக் காரை ஓட்டிவந்தாள். கருப்பாத்தாள் கோயிலுக்குப் போயிருந்தார். சிவப்பிரகாஷ் பட்டறைத் தூணைப் பிடித்து நின்று, கான்டெஸாவுக்குள் பார்த்தான்.

"அட, பங்காளி நல்லாத் தேறிட்டானே!"

"ஆத்தா வாரந்தவறாம வந்து பாத்துக்கறாங்க."

"எனக்கு ஊத்தற கஞ்சியெல்லாம் இவன் வயித்துக்குத்தான் போகுதாட்ட இருக்குது" என்று சிரித்தான். சிரிப்பு பாதியில் இருமலானது.

கூப்பிடாமலே ஜின்சன் வந்தான். யார் முகத்தையும் பார்க்காமல் சாக்கின் ஒரு பக்கத்தைப் பிடித்தான். இறக்கிச் சுவரோரம் வைத்தார்கள். சிவப்பிரகாஷ் ஏறி உட்கார்ந்தான். காளிச்சாமி அடியில் போய்க் கோணமானி பிடித்தார். கீழ்நோக்கி நாலு டிகிரி. ஒரு சுழி பிசகில்லை.

நூற்பாலை கேட்டுக்குள் காரை மெதுவாக உருட்டிக் கொண்டுபோய் நிறுத்தியது காளிச்சாமிதான். இறங்கி, சீட்டைச் சிவப்பிரகாஷுக்குக் கொடுத்தார். எதிரே ரோடு காலியாகக் கிடந்தது. கடைசியில் குடோனின் துருப்பிடித்த கதவு. எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது.

சிவப்பிரகாஷ் இடதுகாலால் கிளச்சை மிதித்தான். பாதி போனது. பெரிய எஞ்சினுக்கென்று போட்ட முரட்டுக் கிளச். மறுபடி மிதித்தான். அதே பாதியில் நின்றது. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, உடம்பைப் பின்னால் தள்ளி, மூன்றாம் தடவை மிதித்தான். செருப்பு வழுக்கிக் கால் பக்கவாட்டில் விழுந்தது.

யோகப்பிரியா திரும்பிக் கேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நீங்க ஓட்டுங்ணா" என்றான் கடைசியில்.

"இருங்க தம்பி, சித்த ஆசுவாசப்படுத்திட்டு..."

"நீங்க ஓட்டுங்ணா. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்."

காளிச்சாமி கதவைத் திறந்து அவனைத் தூக்கினார். காரைச் சுற்றிக்கொண்டு போய் அந்தப்பக்கச் சீட்டில் உட்கார வைத்தார். அவன் எத்தனை கிலோ என்பது ஆடியிலிருந்து அவருக்கு மனப்பாடம். கைக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான்.

கார் புறப்பட்டது. முதல் கியரில் எகிறி, இரண்டாவதில் பிடித்து, மூன்றாவதில் நீண்டது. தரையில் நடுக்கம் ஆரம்பித்தது. உள்ளங்காலில் ஏறி, முழங்காலுக்கு வந்தது. காளிச்சாமிக்குத் தெரியும், இது முக்கால் மிதி நடுக்கம். இன்னும் கொஞ்சம், அடிவரைக்கும் மிதித்தால் பினியன் மூக்கு நிமிர்ந்துவிடும், நடுக்கம் நின்றுவிடும், வண்டி பட்டாகப் போகும். அதற்காகத்தான் இத்தனை மாதம். ஓரக்கண்ணால் பார்த்தார். சிவப்பிரகாஷின் தலை சீட்டோடு ஒட்டிக்கிடந்தது. கழுத்தெலும்பு சட்டைக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்தது. மிதித்தால் வண்டி எகிறும், அந்தக் கழுத்து தாங்குமா? கால் இறங்கவில்லை. கால் மைலும் நடுங்கிக்கொண்டே போய், குடோன் கதவுக்கு முன்னால் நின்றார்கள்.

எஞ்சினை அணைத்தார். சிவப்பிரகாஷ் மெதுவாகக் கண்ணைத் திறந்தான்.

"நடுங்குச்சுங்ணா."

"ஆமாங்க தம்பி."

சிவப்பிரகாஷ் குடோன் கதவைப் பார்த்தபடியே சொன்னான்.

"ரெண்டு ஆளு எடைக்கு நாம பாக்கவே இல்லியே. அதான். கோணத்துல ஒரு அரை டிகிரி பாக்கி இருக்குதுங்ணா. அடுத்த தடவை வர்றப்ப குடுத்துருங்க."

பதினெட்டு வயசிலிருந்து வண்டியை அடித்து ஓட்டியவன். கோணம் தப்பினால் வருகிற நடுக்கம் எது, கால் பயந்தால் வருகிற நடுக்கம் எது என்று அவனுக்குத் தெரியாதா? தெரிந்தேதான் பழியைக் கோணத்தின் மேல் போட்டான். காளிச்சாமி, "குடுத்தறனுங்க" என்றார்.

சாயங்காலமே சாக்கை மறுபடி சீட்டில் ஏற்றி, பெல்ட் போட்டு வைத்தார். பத்தொன்பதாம் நாள் சிவப்பிரகாஷ் இறந்துபோனான். காளிச்சாமி சுடுகாட்டில் கூட்டத்துக்குப் பின்னால், வேலியோரம் நின்றார். பக்கத்தில் நின்றவர்கள் கொஞ்சம் நகர்ந்துகொண்டார்கள்.

காரியமெல்லாம் முடிந்தபிறகு ஒரு வெள்ளிக்கிழமை, வழக்கமான நேரத்துக்கு, கருப்பாத்தாள் வந்தார். கதவைத் திறந்து சாக்கை அமுக்கிப் பார்த்தார்.

"நெறைஞ்சுதானே இருந்துச்சு?"

"நெறைஞ்சுதானுங்க ஆத்தா இருந்துச்சு."

"நீ எடுக்கலியே?"

"ஒரு பிடி எடுக்கலீங்க."

"அப்பறம் ஏன்?"

கட்டியைப் பற்றிச் சொல்லியிருக்கலாம், இப்போது மறைக்க ஒன்றும் மிச்சமில்லை. ஆனால் அந்த அம்மா கேட்டது காளிச்சாமியை அல்ல என்று அவருக்குப் பட்டது. கருப்பாத்தாள் சட்டையை மட்டும் பொத்தான் பொத்தானாகக் கழற்றி, மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டு போனார். அதற்கப்புறம் வரவில்லை. சந்தையில் இன்றைக்கும் இரண்டு கட்சி இருக்கிறது. காளிச்சாமி எண்பத்துநாலுக்கு நிரப்பாமல் எண்பத்துமூன்றோடு ஏமாற்றிவிட்டான் என்று ஒரு கட்சி. நிரப்பியது சரி, மந்திரத்தைத் திருப்பிச் சொல்லவில்லை என்று இன்னொரு கட்சி.

பங்குனியில் யோகப்பிரியா வந்தாள். கான்டெஸாவை விற்கப்போவதில்லை, இடைஞ்சலாக இல்லை என்றால் இங்கேயே நிற்கட்டும் என்றாள். போகிறபோது வாசலில் நின்று கேட்டாள்.

"அவரு உங்களுக்கு ஏதாச்சும் தரவேண்டியது இருக்குதுங்களாண்ணா? இருந்தாச் சொல்லிருங்க."

"தம்பி ஒண்ணும் தரவேண்டாமுங்க அம்மணி. நாந்தான் தரோணும்."

"என்னதுங்ணா?"

"அரை டிகிரிங்க."

கணக்கு டீச்சர் கொஞ்ச நேரம் அதை மனசுக்குள் போட்டுப் பார்த்தாள். பிடிபடவில்லை. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, மேலே கேட்கவும் இல்லை.

"அதுக்கென்னங்ணா அவசரம். மெதுவாக் குடுங்க."

அவள் போனதும் காளிச்சாமி காருக்கு அடியில் படுத்துக் கோணமானியைப் பிடித்துப் பார்த்தார். நாலு டிகிரி, அப்படியே இருந்தது. கோணத்தில் கொடுக்கவோ எடுக்கவோ ஒன்றுமில்லை. ஆனாலும் எழுந்திருக்காமல், ரொம்ப நேரம் அந்த அரை டிகிரியை அங்கேயே தேடிக்கொண்டு கிடந்தார்.